காரல் குழு

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்காதீர்கள், அவரவர் வேகத்துக்குப் பாடம் சொல்லுங்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் சொன்னார்கள். நல்ல யோசனைதான், இன்றும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பை மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும். முன்னேறிய பிள்ளையை உடனே மேல் குழுவுக்கு மாற்ற வேண்டும். மெதுவாகப் படிப்பவர்கள் மனம் நோகாதபடி குழுக்களுக்கு அழகான பெயர் வைக்க வேண்டும். பெயர் வைக்கும் வேலையை எங்கள் தலைமை ஆசிரியை எடுத்துக்கொண்டார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அவர் நாசரேத் பக்கம், கடலோரத்துக்காரர் இல்லை. கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பெயராக இருக்கட்டும் என்று மீன் பெயர்களை வைத்தார். நன்றாகப் படிப்பவர்கள் சீலா. நடுவில் பாறை. எழுத்தே பிடிபடாதவர்கள் காரல். சார்ட்டில் மூன்று மீனையும் வரைந்து, மூன்றுக்கும் சிரித்த முகம் போட்டு ஒட்டினார்.

"மேடம், சீலாவுக்கு ஏலத்துல அடிச்சுக்குவாங்க. காரல் மிஞ்சினா கோழித் தீவனத்துக்குப் போற மீனு. இந்தப் பிள்ளைகளுக்கு விலை தெரியும்," என்றேன்.

"மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு விலை என்ன டீச்சர் தெரியும்? கலரைத்தான் பாக்கும்," என்றார்.

தினமும் மீன் ஏலக்கூடத்தைத் தாண்டிப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் அவர்கள். அன்று சாப்பாட்டு இடைவேளையிலேயே விளையாட்டு தொடங்கிவிட்டது. காரல் குழுவில் ஒருத்தியை நடுவில் உட்கார வைப்பார்கள். ஒருவன் ஏலம் விடுவான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். கேட்க ஆளில்லை என்று அவளைக் காலால் தள்ளிவிடுவான். நான் அதட்டினால் கலைவார்கள், முதுகைத் திருப்பினால் கூடுவார்கள். சார்ட்டைக் கிழித்துப் போட்டுக் குழுக்களுக்கு எண் கொடுத்தேன். காரலைக் காரல் என்றேதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் குழுவில் எப்போதும் ஒட்டி உட்காரும் இரண்டு சிறுமிகள் இருந்தார்கள். ஒருத்தி நெட்டை. நடுவில் அதிகம் உட்கார்ந்தவள் அவள்தான். அழமாட்டாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு தரையையே பார்ப்பாள். இவளை எப்படியாவது அங்கிருந்து தூக்கிவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

புத்தகத்தில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கரைக்கு வரும் எந்தப் படகையும் தூரத்திலேயே பெயர் சொல்லிவிடுவாள். நான் கைப்பேசியில் படகுகளைப் படம் பிடித்து வந்தேன். முகப்பில் எழுதியிருந்த பெயர்களை விரலால் தடவித் தடவி, தெரிந்த பெயரிலிருந்து தெரியாத எழுத்துகளைப் பிடித்து, நோட்டில் எழுதிப் பழகினோம். அரையாண்டு விடுமுறை கழிந்து வந்தவள் ஒரு பாடத்தை முழுதாக வாசித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே அவளை முதல் குழுவில், பழைய சீலாக்களோடு உட்கார வைத்தேன்.

மறுநாள் இடைவேளையில் மறுபடியும் கூட்டம். இந்த முறை ஏலம் விட்டது பெண்குரல். நடுவில் உட்கார்ந்திருந்தவள் நெட்டைச் சிறுமியின் தோழி. ஏலம் விட்டவள் நெட்டைச் சிறுமி.

"கூடை காரல். கேக்க ஆளிருக்கா? இல்லையா? அங்கன தள்ளுளா."

கையைப் பிடித்து இழுத்தேன். "ஏளா, நேத்து வரைக்கும் நீயும் அவகூடத்தான இருந்த?"

"இப்ப நான் சீலால்லா டீச்சர்," என்றாள். பயமில்லை, வெட்கமும் இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தோழியைத் தூக்கி நிறுத்தினேன். அவள் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காரல் என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், நெட்டைச் சிறுமியின் விரலைப் பிடித்து எழுத வைத்தவள் நான். யாரும் சொல்லாமல் அவளாகவே எழுதிய முதல் வார்த்தை அது.