மீன் தெரிகிறதா?

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். மேட்டிலிருந்து கசியும் ஊற்றுத் தண்ணீரால் அந்த இடம் எப்போதும் சேறுதான். தண்ணீரைத் தேக்கி, சுற்றிக் கல் அடுக்கி, சின்னதாக ஒரு குளம் கட்டினேன். பதுளையில் வாங்கிய சிவப்பு மீன்களை மகள் அதில் விட்டாள்.

மழை பெய்த காலைகளில் பக்கத்து வீட்டு செல்வி அக்கா குடையோடு வந்து குளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். மீனுக்குக் கண் பட்டுவிடுமோ என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் சொல்லியும்விட்டேன்.

"மீனு வேணும்னா ரெண்டு தாரேன்க்கா. இப்படி வந்து வந்து பாக்காதீங்க."

"மீன இல்லம்மா, தண்ணியோட நெறத்தத்தான் பாக்குறேன். கொஸ்லந்த பக்கம் நாங்க குடியிருந்த லயத்து ஊத்து ஒருநாள் கலங்கி வந்துச்சு. தெளியட்டும்னு குடத்துல புடிச்சு வச்சிட்டு கொழுந்து பறிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப மண்ணு சரிஞ்சு லயமே இல்ல. உள்ள எம்புள்ள இருந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் மழை பெய்தால், விடிந்ததும் முதலில் குளத்துக்குப் போகிறவள் நான்தான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"மீனு தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுதுக்கா."

அதற்குப் பிறகுதான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும்.