சீயக்காய் போட்டுக் குளித்த குதிரை முடி

மாக் மண்டினில் சோபா தைக்கிற பட்டறைக்காரர் கத்தியைக் கையில் எடுத்ததும், நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். "அம்மா, அவருக்கு வேல தெரியும்லா, நீங்க வீட்டுக்கு வாங்க" என்றான் என் மகன். வரமாட்டேன் என்றேன். எங்கள் பழைய நாற்காலியின் உறையை மாற்றலாம், ஆணியை மாற்றலாம். உள்ளே இருப்பதில் ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது.

பட்டறைக்காரர் கிழிசலுக்குள் கையை விட்டுக் கறுப்பாக ஒரு கொத்தை இழுத்தார். "என்னம்மா இது, முடியா? ஸ்பாஞ்ச் வச்சிடலாம், சுலபம்."

"குதிரை முடி. எங்கம்மா சீயக்காய் போட்டுத் தலைமுழுக வச்ச முடி" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். குயின் ஸ்திரீட் பக்கம் ஒரு கடைவீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். அப்பா துறைமுகக் கிடங்கில் மாவு மூட்டை தூக்கியவர். அந்த வருடம் அவர் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பாயில் படுப்பதையும் விட்டுவிட்டார். சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவார். தூக்கத்தில் சரிந்துவிடுவார், இருமுவார், அம்மா எழுந்து நிமிர்த்தி வைப்பார். சிலர் குப்புறப் படுப்பார்கள், சிலர் ஒருக்களித்துப் படுப்பார்கள், எங்கள் அப்பா உட்கார்ந்து படுப்பார். அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மா நார்தம் ரோட்டில் ஒரு துரை வீட்டில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் சீமைக்குத் திரும்பிப் போகும்போது, வராந்தாவில் மிஞ்சிக் கிடப்பதில் வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதுதான் வரப்போகிறது என்று நான் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அம்மா கொண்டுவந்ததோ ஒரு மெத்தை நாற்காலி. முதுகு உயரம்; தலை வைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரி மடல். உறை நைந்து, ஸ்பிரிங் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

லோரியில் ஏற்றி வந்து இறக்கிய மாமா, அம்மாவின் தம்பி, அதைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏன்க்கா, அடுப்புக்கு விறகு இல்லையா?"

"ஒன் மச்சான் இதுல சாயணும். காது இருக்கு பாரு, தலை சரியாது" என்றார் அம்மா.

மறுநாளே பழைய சாமான் கடைச் சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம், வந்து நின்றார். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மரத்தை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கால் உருளையைச் சட்டை நுனியால் தேய்த்தார். அழுக்குக்கு அடியில் பித்தளை மஞ்சளாக எழுந்தது. கடைசியில் கிழிசலிலிருந்து ஓர் இழையை உருவித் தன் சிகரெட்டு நெருப்பில் காட்டினார். அது சுருண்டு கருகியது.

"நாரு இல்ல தங்கச்சி. குதிரை முடி. பாகுஸ்லா, நல்ல சாமான், ரொம்பப் பழசு" என்றார். அவர் கேட்ட விலையில் மாமாவுக்குக் கண் விரிந்தது.

அம்மாவின் காதில் விலை விழவில்லை. முடி என்பது மட்டும்தான் விழுந்தது.

"சோத்துல ஒரு முடி கெடந்தா தட்டையே தள்ளி வைக்கிறோம். மனுஷன் தலை சாய்க்கிற எடத்துல மூட்டையா வச்சிருக்கானுங்களே" என்று அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கில் கட்டினார். கடலில் போட்டுவிட்டு வா என்று மாமாவிடம் கொடுத்தார். எங்கள் தலையணைகளைப் பிரித்து இலவம்பஞ்சை நாற்காலிக்குள் திணித்துத் தைத்தார்.

அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே உள்ளே போனார். முகவாய் நெஞ்சில் முட்டியது, முழங்கால் மேலே வந்தது. "என்னக்கா, மச்சானைக் கெணத்துல எறக்கிட்டே" என்றார் மாமா. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பாவும் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். அது நிற்க வெகுநேரம் ஆனது. அம்மா அவரைத் தூக்கி மறுபடி சுவரில் சாய்த்தார்.

சில நாள் கழித்துத் தவுக்கே மீண்டும் வந்தார். உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பஞ்சு படுத்துக்கும் தங்கச்சி. முடிதான் முதுகத் தூக்கும். முடி எங்க?"

"கடல்ல."

"அப்ப இது வெறும் மரம்" என்று அவர் போய்விட்டார்.

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்தபடி நின்றார். மாமா பிடரியைச் சொறிந்தார். வெளியே போய் லோரிக் கதவைத் திறந்தார். வரும்போது அந்தச் சாக்கு அவர் தோளில் இருந்தது.

"கடலுக்குத்தான்க்கா போனேன். லோரி சீட்டு ரொம்பக் குத்துச்சு."

"இத்தன நாளும் இதும்மேலயா ஒக்காந்திருந்த?"

"சும்மா சொல்லக் கூடாதுக்கா, முதுகுவலியே போயிருச்சு."

திட்டு விழும் என்று மாமா ஒதுங்கினார். அம்மா சாக்கை வாங்கி எடை பார்ப்பது போல் கையில் வைத்திருந்தார். பிறகு, "சரி, தீட்டுன்னா குளிப்பாட்டிட்டாப் போச்சு" என்றார்.

அப்படித்தான் குதிரை முடிக்கு எங்கள் வீட்டில் தலைமுழுக்கு நடந்தது. வெந்நீர், சீயக்காய், அப்புறம் வெயில். கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் பாய் விரித்துக் காயப்போட்டு, காற்றில் பறக்காமலிருக்க என்னைக் காவல் வைத்தார் அம்மா. "யாருக்குடி மொட்டை?" என்று சந்தில் போகிறவர்கள் கேட்டுக்கொண்டே போனார்கள். சிக்கெடுக்க அம்மா உட்கார்ந்தார். என் தலையை வாரும்போது விழும் குட்டு ஒன்றுகூட அந்த முடிக்கு விழவில்லை. கடைசியில் கூடையைக் கவிழ்த்து, அடியில் சாம்பிராணி போட்டு, மேலே முடியைப் பரப்பிப் புகை காட்டினார்.

அதன் பிறகு அம்மாவுக்கு வேறு நினைப்பில்லை. வேலை முடிந்து வந்ததும் நாற்காலிதான். மாமா சணல் பட்டையைப் பல்லைக் கடித்து இழுத்துப் பிடிப்பார். அம்மா வாயில் வைத்திருக்கும் ஆணிகளில் ஒன்றை எடுத்து அறைவார். தொய்வாக இருந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி. கோணி ஊசி அம்மாவின் கட்டை விரலில் ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தார். மெத்தைக்குப் போடுகிற கோடு போட்ட துணிதான் உறை. கோடுகூடக் கோணவில்லை.

தவுக்கே மூன்றாவது முறை வந்தார். அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது. முன்பு சொன்னதைவிட ஏற்றிச் சொன்னார். "குடுத்துடுக்கா" என்று மாமா கிசுகிசுத்தார்.

"விக்கிறதுக்கு இல்ல தவுக்கே."

"இவ்வளவு பெரிய நாற்காலி, இந்த வீட்ல யாரு ஒக்காருவா?"

அம்மா அறைக்குள் கை காட்டினார். சுவரோடு சாய்ந்திருந்த அப்பாவைத் தவுக்கே பார்த்தார். மூச்சு வாங்கும்போது குழிந்து எழும் அவர் கழுத்தைப் பார்த்தார். வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து வாசலில் போட்டு மிதித்தார். அதற்குமேல் விலை பேசவில்லை. நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்து, மாமாவோடு சேர்ந்து தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனார். வாங்க முடியாத சாமானை ஒரு வியாபாரி ஏன் சுமக்கிறார் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அப்பா உட்கார்ந்தார். இம்முறை நாற்காலி அவரைத் தாங்கியது. சாம்பிராணி மணக்கிறது என்றார். கன்னத்தை நாற்காலியின் ஒரு காதில் வைத்தார். விளக்கேற்றுவதற்கு முன்பே தூங்கிப்போனார், சரியவில்லை.

நான் வாசலுக்கு ஓடி, சந்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினேன். "ஒங்கப்பால்லாம் தரையில படுக்கிறாங்க. எங்கப்பா ராஜா. ஒக்காந்துதான் தூங்குவாரு."

பீற்றிக்கொள்வது அம்மாவுக்குப் பிடிக்காது. தலையில் குட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"சொல்லு. நல்லா சொல்லு" என்றார் அம்மா. அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்து நாற்காலியின் காலைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தப் பித்தளை ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. துடைத்ததையே ஏன் துடைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கூட்டிவர இன்னும் பிள்ளைகள் பாக்கி இருந்தார்கள்.