வியாழக்கிழமைகளின் தலைவர்

விண்ணப்பப் படிவத்தின் ஏழாம் பகுதியில் ஒரே ஒரு வரி இருந்தது: நீங்கள் தலைமை தாங்கியதற்கான சான்றுகளை இணைக்கவும். டொக்டர் நகுலேஸ்வரி கிருஷ்ணராசாவுக்கு அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. மற்றப் பகுதிகள்தான் கடினம், இது சுலபம் என்று நினைத்தார்.

தெற்கு லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவர் குடல் புற்றுநோய் அறுவை நிபுணர். வயது ஐம்பத்திரண்டு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்தப் பிரிவின் தலைவர் பேராசிரியர் வின்டர்ஸ் ஓய்வு பெறப்போகிறார். அவருடைய இடத்துக்கு இருவர் போட்டி. ஒருவர் நகுலேஸ்வரி. மற்றவர் ஹ்யூகோ, நாற்பத்தொரு வயது. குடலை வெட்டித் திரும்பப் பொருத்த ஹ்யூகோவுக்குக் கையைப் பிடித்துக் காட்டியவரே நகுலேஸ்வரிதான்.

இருவரும் வந்த பாதைகள் வேறு. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்து 2002இல் வந்த நகுலேஸ்வரிக்கு நிபுணராவதற்கான பயிற்சி இடம் கிடைக்கவேயில்லை. பதினொரு ஆண்டுகள், ஆண்டுக்கொரு ஒப்பந்தத்தில், ஆளில்லாத ஷிப்டுகளை நிரப்பினார். கடைசியில், பயிற்சி பெற்றவர்களுக்கு நிகரான திறமை தனக்கும் உண்டென்று ஆயிரம் பக்கச் சான்றுகளைத் திரட்டிக் கொடுத்து நிபுணரானார். ஹ்யூகோவுக்கு அந்த ஆயிரம் பக்கம் தேவைப்படவில்லை. படிப்பு, பயிற்சி, ஆராய்ச்சிப் பட்டம், அமெரிக்காவில் ஓராண்டு, திரும்பி வந்ததும் விரிவுரையாளர் பதவி. செவ்வாய்க்கிழமை முழுவதும் அவருக்கு ஆராய்ச்சி நாள். அந்தச் செவ்வாய்களில் அவருடைய நோயாளிகளை அறுத்தவர் யார்? நகுலேஸ்வரி. அந்த நோயாளிகளின் விவரங்களைக் கொண்டுதான் ஹ்யூகோ கட்டுரைகள் எழுதினார். ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் எழுதியவருடையது, கடைசிப் பெயர் தலைவருடையது. இடையில் நிற்கும் பெயர்களை எவரும் படிப்பதில்லை. நகுலேஸ்வரி பதினான்கு கட்டுரைகளில் இடையில் நின்றார்.

ஆனால் தலைமை? அதற்கு வியாழக்கிழமைகள் இருந்தன.

ஒவ்வொரு வியாழனும் காலை எட்டு மணிக்குப் புற்றுநோய்க் கூட்டம். அறுவை நிபுணர்கள், கதிர்ப்படம் பார்ப்பவர்கள், மருந்து கொடுப்பவர்கள், தாதியர் என்று இருபது பேர். ஒரு நோயாளிக்கு மூன்று நான்கு நிமிடம். வெட்டுவதா, முதலில் மருந்தா, ஒன்றும் செய்யாமல் விடுவதா என்ற முடிவைத் தலைவர் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் வின்டர்ஸ், "இந்த ஒரு வியாழனை மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். அந்த ஒரு வியாழன் ஆறு ஆண்டுகள் நீண்டது.

நகுலேஸ்வரி பழைய கூட்டப் பதிவுகளைத் திறந்தார். முதல் வரி: தலைமை, பேராசிரியர் வின்டர்ஸ். அடுத்த வாரம், வின்டர்ஸ். கொரோனா ஆண்டில், தான் வீட்டுச் சமையலறையில் கணினி முன்னிருந்து நடத்திய கூட்டங்களிலும் வின்டர்ஸ். இருநூற்று எண்பது பதிவுகள். ஒன்றிலும் தலைமை என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை.

கூட்டங்களை ஒழுங்கு செய்பவர் மேரிசாந்தி, கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து தினமும் வருகிற பெண். நகுலேஸ்வரி அவருடைய மேசைக்கு நடந்துபோகவில்லை, ஓடினார்.

"சாந்தி, என்ன இது? எல்லாத்திலையும் ப்ரொபெஸரின்ரை பேர் கிடக்கு!"

"போன கிழமைப் பதிவைத் திறந்து திகதியை மாத்தித்தானே அக்கா எழுதுறனான். மேல் வரி அப்பிடியே வந்திடும்."

"ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமெல்லோ?"

"கேட்டனான். முதல் மாசமே கேட்டனான், 'அக்கா, உங்கடை பேரைப் போடட்டே?' எண்டு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? 'ப்ரொபெஸர் இருக்கேக்கை என்ரை பேரைப் போட்டால் மரியாதையில்லை, விடும்' எண்டு சொன்னனீங்கள்."

நகுலேஸ்வரிக்கு நினைவு வந்தது. சொன்னவர் அவர்தான். பெரியவர் இருக்கும்போது முன்னால் உட்காராதே என்று எங்கள் வீடுகளில் பழக்குகிறார்களே, அது பதினேழு ஆண்டு லண்டனையும் தாண்டி அவருடைய வாயில் வந்திருந்தது. இந்தப் பணிவினால் லாபம் அடைபவர் எப்போதும் பணிவில்லாதவரே.

பழைய பதிவுகளைத் திருத்த முடியாது. அவை நோயாளிகளின் ஆவணங்கள். கூட்டங்களை நடத்தியது தான்தான் என்று வின்டர்ஸிடம் ஒரு கடிதம் கேட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "நாம் இருவரும் பகிர்ந்துதானே செய்தோம், நகுலா?" என்றார். நகுலேஸ்வரி என்ற பெயர் அவருக்கு நீளம். பொய் சொல்கிறோம் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. அதுதான் ஆத்திரத்தை மூட்டியது.

அன்று மாலை டிராமில் இருக்க முடியாமல் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி மிச்சம் வீட்டுக்கு நடந்தார். கணவர் சுபாஸ்கரன் பாரிசிலிருந்து வந்து இங்கே சமையலறைகள் பொருத்தும் தொழில் செய்பவர். கதவைத் திறந்ததும் கேட்டார்.

"இன்டர்வியூ செவ்வாய் மூண்டு மணிக்காமே? அது சரியா ராகுகாலம், நகுலா. நேரத்தை மாத்தச் சொல்லிக் கேளும். நான் விம்பிள்டன் பிள்ளையாருக்கு அர்ச்சனைக்கும் சொல்லிப்போட்டன்."

"இஞ்சாருங்கோ, டிசம்பரிலை இஞ்சை நாலு மணிக்கே சூரியன் போயிடுது. உங்கடை ராகு அதுக்குள்ளை எத்தினை மணிக்கு வேலைக்கு வாறார்?"

"பகிடி விடாதையும்."

"என்ரை பேரை ராகு அழிக்கேல்லை. நானே போடாமல் விட்டனான். இப்ப ஒரு சாட்சி வேணும். பிள்ளையார் கூட்டத்துக்கு வந்தவரே?"

சாட்சி அடுத்த நாள் கிடைத்தது. வின்டர்ஸின் ஓய்வை ஒட்டி, அவர் உலகெங்கும் ஆற்றிய சிறப்புரைகளின் பட்டியலைப் பல்கலைக்கழகம் தன் இணையத்தளத்தில் போட்டிருந்தது. ஊர், அரங்கு, திகதி எல்லாம் பெருமையோடு. மேரிசாந்தி அதை அச்செடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ. மார்ச் பதினாலு, டொரொன்டோ. அது வியாழக்கிழமை! எங்கடை பதிவிலை மனுசன் காலமை எட்டு மணிக்கு இஞ்சை தலைமை தாங்குறார்."

"இரண்டு இடத்திலையும் இருந்திருக்கிறார். பிள்ளையாருக்கே ஏலாத வேலை."

மதிய இடைவேளைகளில் இருவரும் ஒவ்வொரு திகதியாக ஒப்பிட்டார்கள். அறுபத்து மூன்று வியாழன்களில் பேராசிரியர் வேறு நாட்டில் பேசிக்கொண்டிருந்தார்.

செவ்வாய் மூன்று மணி. எதிரில் ஐவர். நகுலேஸ்வரி பட்டியலை மேசையில் வைத்து விளக்கினார். ஒருவர் தாளைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். வெளியிலிருந்து வந்திருந்த பெண் பேராசிரியர் கேட்டார்: "ஆறு ஆண்டுகள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?"

"நோயாளிகளுக்கு முடிவு கிடைத்தது, அது போதும் என்று நினைத்தேன். தவறு என்னுடையது. ஆனால் அந்தத் தவறை வைத்து என் வேலையை இன்னொருவருக்குக் கொடுத்தால், அது உங்களுடையது."



மறுநாள் மின்னஞ்சல் வந்தது. அவருடைய பங்களிப்பைக் குழு மிகவும் மதிக்கிறது. பதிவுகளில் உள்ள முரண் கவனிக்கப்படும். ஆயினும் ஆராய்ச்சி வலிமையை முன்னிட்டுப் பதவி ஹ்யூகோவுக்கு. ஆராய்ச்சி வலிமை! அந்த வலிமையைச் செவ்வாய்தோறும் நின்றுகொண்டே சுமந்த கால்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நகுலேஸ்வரி அழவில்லை. மதியத்துக்குள் மேல்முறையீட்டை எழுதி, அறுபத்து மூன்று திகதிகளையும் இணைத்து அனுப்பினார். இனிச் செவ்வாய்க்கிழமைகளில் தனக்கும் ஆராய்ச்சி நாள் வேண்டும் என்று இன்னொரு கடிதமும் எழுதினார்.

ஹ்யூகோ பொறுப்பேற்ற முதல் வியாழன். எட்டுக்கு ஐந்து நிமிடம். அவர் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு கதவில் நின்றார்.

"நகுலா, எனக்கு விமானம். இன்றைக்கு மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா?"

இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போக நகுலேஸ்வரியின் கால்கள் துடித்தன. திரையில் அன்றைய முதல் பெயர் தெரிந்தது: பேருந்து ஓட்டுநர், நாற்பத்து நான்கு வயது, ஈரலுக்குப் பரவியிருக்கிறது. அவர் ஆறு வாரமாக ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறார்.

நகுலேஸ்வரி நடுநாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாந்தி, மேல் வரியிலை கிடக்கிற பேரை அழியும். என்ரை முழுப்பேரையும் போடும்."

மேரிசாந்தியின் விரல்கள் அதற்காகவே காத்திருந்தவைபோல் ஓடின. திரையில் அந்த நீளமான பெயர் எழுந்தது. ஹ்யூகோ இன்னும் கதவில் நின்றார்.

"அப்ப இவரை எங்கை போடுறது, அக்கா?"

"சமுகமளிக்காதவர் எண்டு கீழை ஒரு வரி கிடக்கெல்லோ, அங்கை போடும்," என்றார் நகுலேஸ்வரி. பிறகு எல்லோருக்கும் விளங்கும் ஆங்கிலத்தில் முதல் நோயாளியின் ஈரல் படத்தைக் கேட்டார்.