சித்தப்பா மிஸ்

எங்கள் டுட்டோரியலில் அவளுக்குப் பெயர் சித்தப்பா மிஸ். முதல் தடவை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன நாடகத்தால் வந்த வினை. பரீட்சையில் ஒருமுறை கோட்டைவிட்டவர்கள் மறுபடி படிக்க எங்களிடம் வருவார்கள். வேலை முடிந்து வருகிற பெரியவர்கள்தான் பாதிப் பேர். அவர்களுக்கு ஒரு பழைய நகைச்சுவை நாடகம் பாடம். நான் கணக்கு டீச்சர், அவள் இலக்கியம். இரண்டு வகுப்புக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு மட்டும்தான். அதனால் வருஷா வருஷம் அந்த நாடகத்தை நானும் கூடவே படித்துத் தொலைத்திருக்கிறேன்.

கதை இதுதான். ஒரு தையல்காரர், அவருக்கு அப்பா அம்மா இல்லாத ஓர் அண்ணன் மகள். கடையே அந்தப் பெண்ணின் விரலில்தான் ஓடுகிறது. பெண் கேட்டு வருகிறவர்களை எல்லாம் சித்தப்பா ஏதாவது நொட்டை சொல்லித் துரத்திவிடுவார். ஒருத்தனுக்குப் பல் ரொம்பத் தெரிகிறது, இன்னொருத்தனுக்குத் தெரியவே இல்லை. வேலைக்காரன் ஒரே மாப்பிள்ளைக்கு வேஷத்தை மாற்றி மாற்றிக் கூட்டி வருவான். ஒவ்வொரு வேஷத்துக்கும் சித்தப்பாவிடம் ஒரு குறை தயாராக இருக்கும். கடைசி அங்கத்தில், ஒரு பணக்காரச் சீமாட்டிக்குத் தைத்த உடுப்பை அந்தப் பெண் தானே போட்டுக்கொண்டு, முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு, கடை வழியாகவே நடந்து வெளியே வருவாள். சித்தப்பாவே கும்பிடு போட்டுக் கதவைத் திறந்துவிடுவார். "மறுபடி வாங்கம்மா" என்பார்.

வகுப்பில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக் கொடுத்து வாசிக்க வைப்பது அவள் பழக்கம். வசனம் நீளம் என்று சித்தப்பாவை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். அதனால் அவளே படிப்பாள். சும்மா சொல்லக்கூடாது, குரலைத் தாழ்த்தி, மூக்கை உறிஞ்சி, அப்படிப் படிப்பாள். இந்தப் பக்கம் என் ஆட்கள் கணக்கை மூடிவைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அவள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், இவள். சமையலில் பாதி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அண்ணிக்குத் தலைவலி வந்தால் மீதிப் பாதி, எல்லாம் இவள் தலையில். அண்ணன் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். பாசக்காரர், தங்கமான மனுஷர். தொல்லையே அதுதான். வந்த வரன்களில் ஒருத்தர் சத்தமாகச் சிரித்தாராம், ஒருத்தர் செருப்பைத் தலைகீழாகக் கழற்றிப் போட்டாராம், அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். "உனக்குன்னு ஒருத்தன் வராமலா போவான்?" என்று சொல்லிச் சொல்லியே இவளுக்கு முன்தலை நரைத்துவிட்டது.

சாயங்காலம் வகுப்பு முடிகிற நேரத்துக்கு அண்ணன் ஸ்கூட்டரில் வந்து கீழே நிற்பார். இரண்டு ஹாரன். வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி, அவள் கை தானாகப் புத்தகத்தை மூடும்.

இந்த வருஷம் அவள் வகுப்பில் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வழக்கமான கேள்வியை இவள் கேட்டாள்: அந்தப் பெண் ஏன் முதல் அங்கத்திலேயே வெளியே போகவில்லை? கதவு பூட்டியிருந்தது என்பது நோட்ஸில் உள்ள பதில்.

"பகல்ல கடை திறந்துதானே இருக்கு மிஸ்?" என்றார் மெக்கானிக். "ஆளுங்க வந்து போய்க்கிட்டுதானே இருக்காங்க?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காத்திருந்தேன். கீழே ஹாரன் அடித்தது, புத்தகம் மூடுகிற சத்தம்தான் கேட்டது.

எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாத ஆள். கொஞ்ச நாளாக இவள் கண்ணாடியில் மட்டும் அடிக்கடி ஸ்க்ரூ கழன்றுகொண்டிருந்தது. நான் ஒன்றும் குழந்தை இல்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் கடையை வேறு ஊருக்கு மாற்றுகிறார், சனிக்கிழமையோடு இங்கே மூடுகிறார் என்று போர்டு தொங்கியது. புதன்கிழமை வகுப்புக்கு முன்னால் அவள் அங்கே போய்விட்டு வந்து, என் எதிரே நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள்.

"அக்கா, அவர் கேட்டுட்டார். கல்யாணம் பண்ணிக்கிட்டு என்கூட வர்றீங்களான்னு."

"நீ என்னடி சொன்ன?"

"'நீங்க ரொம்பப் பொறுமைசாலி. பொறுமைசாலிங்க எதையோ மறைக்கிறவங்க'ன்னு சொல்லிட்டேன்."

அது சித்தப்பாவின் வசனம். இரண்டாம் அங்கம், வைத்தியர் வேஷத்தில் வரும் மாப்பிள்ளையைத் துரத்துகிற இடம்.

"வாயில அதுதான் வந்துச்சு அக்கா. மூக்கைக்கூட உறிஞ்சினேன். அவர் ஸ்க்ரூவை முடுக்கி, துடைச்சு, கையில கொடுத்துட்டார்."

"உங்க அண்ணனைப் போய்க் குத்தம் சொன்னேனே, என்னைச் சொல்லணும்! அவருக்கு இங்க வேலையே இல்லடி. பூனையை மடியில கட்டிக்கிட்டு சகுனம் பார்த்த கதையா, சித்தப்பாவை நீயே மடியில கட்டிக்கிட்டு அலையற!"

அவள் அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன், திட்டுவதை நிறுத்தவில்லை. "பிடிக்கலையா?" என்று கேட்டேன். "பிடிச்சிருக்கு, அதான் பயமா இருக்கு" என்றாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எழுத்துத் தெரியாமல் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பாடம் நடத்தினாள். எதிர்க்கடையில் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

சனிக்கிழமை கடைசி அங்கம். எனக்கு வகுப்பு இல்லை. தடுப்பின் ஓரமாகத் தலையை நீட்டினாள். கண்ணாடி முகத்தில் இருந்தது.

"அக்கா, இன்னைக்கு சித்தப்பாவை நீங்க படிங்க."

"எனக்கு எங்கடி வரும்?"

"உங்களுக்கா வராது?"

மாட்டிக்கொண்டேன். புத்தகத்தை வாங்கிக் கதவருகே நின்றேன். அண்ணன் மகள் பங்கை அவளே எடுத்துக்கொண்டாள். முதல் இரண்டு பக்கம் அவள் குரல் எழும்பவே இல்லை, பழகிப்போன சித்தப்பாவின் குரலே அவள் வாயில் குறுக்கே குறுக்கே வந்து இடித்தது. நடுவில் கீழே இரண்டு ஹாரன் அடித்தது. அவள் விரல்கள் புத்தகத்தை மூடப் போய், அப்படியே நின்றன. எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் பக்கத்தை நீவிவிட்டு மேலே படித்தாள்.

கதவைத் திறந்துவிடுகிற காட்சி வந்தது. நான் கும்பிட்டேன். "மறுபடி வாங்கம்மா" என்று நிஜக் கதவைத் திறந்தேன். அவள் வெளியே போனாள். வகுப்பு கைதட்டியது. மறு நிமிஷமே அவள் திரும்பி உள்ளே வந்தாள். அடிப்பாவி என்று நான் புத்தகத்தால் தலையில் அடித்துக்கொண்டேன். மேஜைமேல் கிடந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனாள்.

ஜன்னலுக்கு ஓடினேன். வகுப்பே என் முதுகில் ஏறி நின்றது. கீழே அண்ணன், ஒரு கையில் அவளுடைய ஹெல்மெட்.

"அண்ணா, எதிர்க்கடை வரைக்கும் போகணும்."

"கண்ணாடியா?"

"அவர்கிட்ட ஒரு பதில் சொல்லணும்."

அண்ணனுக்கு அது உறைத்ததோ என்னவோ. "இன்னையோட மூடறார் இல்ல? சீக்கிரம் போ" என்றார். தெருவில் வண்டி ஓயவில்லை. அவள் விளிம்பில் நின்று கால் எடுத்து வைக்கவும் பின்வாங்கவுமாக இருந்தாள். "இரு இரு, உனக்கு ரோடு தாண்டவே தெரியாது" என்று சொல்லிவிட்டு அண்ணனே நடுத்தெருவுக்குப் போய், இரண்டு கையையும் விரித்து, வந்துகொண்டிருந்த லாரியை நிறுத்தினார்.

"பார்த்துப் போம்மா" என்றார்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எதிரே ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் குனிந்து உள்ளே போனாள். அண்ணன் ஸ்கூட்டருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, அவளுடைய ஹெல்மெட்டைச் சட்டை நுனியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.