பூட்ஸ் போட்ட நடை

கவியா கம்ப்யூட்டரில் பொம்மைகளை நடக்கவும் சிரிக்கவும் வைக்கிறவள். அனிமேஷன் என்று சொன்னால் அவள் ஊரான அடி அண்ணாமலையில் பாதிப் பேருக்குப் புரியாது. மீதிப் பேர் அவள் கல்யாண ஆல்பம் போடுவதாக நினைத்துக்கொள்வார்கள். திருத்தித் திருத்தி அவளுக்கே அலுத்துவிட்டது.

சென்னை ஸ்டுடியோ ஒன்று அவளை வேலைக்கு எடுப்பதற்கு முன்பு ஒரு சோதனைக் காட்சி கொடுத்திருந்தது. செக்யூரிட்டி ஒருவன் முதலாளியிடம் நாலு பேர் எதிரில் திட்டு வாங்குகிறான். பிறகு கேட்டுக்குத் திரும்பி நடக்கிறான். வசனம் கிடையாது. அவமானம் நடையிலேயே தெரிய வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை அனுப்பியது திரும்பி வந்துவிட்டது; திருத்தி இரண்டாம் முறையும் அனுப்பியிருந்தாள். இதுவும் போனால் கீழ்பென்னாத்தூர் ஜவுளிக்கடையில் சேர்ந்துவிடுவதாக அம்மா சரசுவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். சரசு கடைக்காரரிடம் பேசியே வைத்துவிட்டாள்.

காலையில் ஸ்டுடியோவின் அருள்ராஜ் குரல் பதிவு அனுப்பினார்.

"கவியா, உன் ஆளு பூட்ஸ் போட்டிருக்கான், ஆனா வெறுங்கால்ல நடக்கிறான். எந்த வீடியோவ பார்த்து செஞ்ச? பூட்ஸ் போட்ட ஆள ஷூட் பண்ணி, அத பார்த்து செய். அந்த வீடியோவும் சேர்த்து அனுப்பு. நாளைக்கு சாயங்காலம் கடைசி."

கவியாவுக்குச் சுருக்கென்றது. நடைக்காக அவள் எடுத்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். போன பௌர்ணமிக்கு வீட்டு வாசலில் நின்று எடுத்தது. கிரிவலம் வந்த கூட்டத்தில் ஒரு காலிலும் செருப்பு இல்லை. கல் குத்துமோ என்று பார்த்துப் பார்த்து வைக்கிற கால்கள். பிறந்ததிலிருந்து அந்த நடையையே பார்த்து வளர்ந்தவளுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சமர்த்து! உலகத்தில் எல்லாரும் மலை சுற்றத்தான் கிளம்புகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

பூட்ஸ் போட்டு நடக்கிறவன் வீட்டிலேயே ஒருவன் இருந்தான். அண்ணன் குமரேசன். டவுனில் ஒரு லாட்ஜில் செக்யூரிட்டி. போலீஸ் தேர்வுக்கு ஓடி ஓடிப் பயிற்சி எடுத்து, உயரம் கம்மி என்று திரும்பியவன். இப்போது அவன் போடுகிற செக்யூரிட்டி காக்கிச் சட்டையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவனிடம் போய், திட்டு வாங்கியவன் மாதிரி நட என்று எப்படிக் கேட்பது? வேறு வழியில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து லாட்ஜுக்குப் போனாள்.

"என்ன வெச்சு காமெடி பண்றியா?" என்றான் குமரேசன்.

"இல்லண்ணா. இது போச்சுன்னா நான் ஜவுளிக்கடைதான். ஒரே ஒரு தடவ."

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டான். செல்போனைச் சின்ன ஸ்டாண்டில் பொருத்திச் சுவரோரம் வைத்தாள். குமரேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சினிமா போலீஸ் மாதிரி நடந்தான். திரும்ப நடக்கச் சொன்னாள். இந்த முறை தலையைத் தொங்கப்போட்டு நாடகம் போட்டான். ஒன்றுக்கும் உதவாது.

அதற்குள் மேனேஜர் படியிறங்கி வந்துவிட்டார்.

"யோவ் குமரேசா! காவலுக்கு வந்தியா, சினிமால நடிக்க வந்தியா? வண்டி வந்து நிக்குது, கேட்ட தொறக்க ஆளில்ல. இஷ்டம் இல்லன்னா சட்டைய கழட்டி வெச்சிட்டுப் போ!"

காரில் இருந்த வெளியூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமரேசன் தங்கையின் பக்கம் பார்க்கவில்லை. கேட்டை நோக்கி நடந்தான். கவியாவுக்கு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மேனேஜருக்குப் பயந்து சுவரோரமே நின்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, செல்போன் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாம் பதிவாகியிருந்தது. முதல் அடிக்குக் கால் எழவே இல்லை. பிறகு பூட்ஸ் தரையில் பொத்தென்று விழுந்தது. தலை குனியவில்லை, கழுத்து விறைத்திருந்தது. கைகள் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பெல்ட்டைத் தேடின. அவள் தேடிய நடை அதுதான். அதைக் கண்டதும் ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டதை நினைத்து உடனே கூசிப்போனாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அண்ணனிடம் செல்போனை நீட்டினாள். "நீ வேணாம்னா அழிச்சிடறேண்ணா."

அவன் நின்றபடியே பார்த்தான். முகம் இறுகியது.

"நான் இப்படியா நடக்கிறேன்?"

அவள் வீடியோவை நிறுத்தினாள்.

"போட்டுக்கோ," என்றான் கடைசியில். "வேல கெடச்சா சரி. உங்க அண்ணன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாத."

ஒவ்வோர் அடியாக நிறுத்திப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மறுநாள் கெடுவுக்குள் காட்சியையும் வீடியோவையும் அனுப்பிவிட்டு, விரலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அருள்ராஜிடமிருந்து பதில் வந்தது.

"சூப்பர் கவியா. திங்கக்கிழம வேலைல சேந்துடு. ஆமா, யார் இந்த ஆக்டர்? என்னமா நடிக்கிறாரு!"

பக்கத்து அறையில் குமரேசன் மறுநாள் டூட்டிக்குப் பூட்ஸைப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். "எங்க அண்ணன்" என்று செல்போனில் அடித்தாள். பார்த்தாள். அழித்தாள்.

"தெரிஞ்சவர் ஒருத்தர் சார்," என்று அனுப்பினாள்.