வேன் ஏறாத படிப்பு

"வேன்ல ஏறாம படிச்சவன் ஒருத்தனைக் காட்டுங்க. திரையைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் கத்துக்கிட்டான்னாலும், அவனுக்கு என் வண்டியில ஆயுசுக்கும் இலவச சவாரி."

கிள்ளானில் கமலநாதனின் கடையில், கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய மூன்றாவது தே தாரிக்கை உறிஞ்சியபடி பக்கிரிசாமி வெளியிட்ட அறிக்கை இது. இருபத்தாறு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கோவிட் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்ததில், வேன் மாதக்கணக்கில் வாசலில் நின்று, பின்சீட்டில் பூனை குட்டி போட்டது. அன்று முதல் இணைய வகுப்புகள் மீது அவருக்கு இருப்பது முழுக்க முழுக்கக் கல்வி சார்ந்த அக்கறைதான். சொந்தப் பகை எதுவுமில்லை.

அப்பேர்ப்பட்டவரின் மகள் விஷ்ணுப்ரியா, சத்துணவியல் டிப்ளோமாவில் இணையம் வழியாகவே சேர்ந்தாள்.

"பகல்ல பங்சார் கிளினிக்ல வேலைப்பா. அதை விடாம படிக்க எனக்கு வேற வழி இல்ல."

"தைப்பூசம் வரைக்கும் பாப்பேன். ஏமாத்து வேலைன்னு தெரிஞ்சா, நிறுத்திடணும்."

மாலை ஏழு மணிக்கு மகள் மடிக்கணினி முன்னால். நாளிதழோடு அப்பா அவளுக்குப் பின்னால். சாட்சியங்கள் குவிந்தன. திரையில் இருபத்தெட்டுப் பெயர்கள், நாலே முகங்கள். விரிவுரையாளர் வாயைத் திறந்தபடி இரண்டு நிமிடம் உறைந்தபோதும் ஒரு மாணவன் "யெஸ் மேடம்" என்றான். தலை எண்ணாமல் வண்டியை நகர்த்தாத மனிதருக்கு இது பொறுக்கவில்லை.

"மிச்சம் இருபத்து நாலு பேர் எங்கம்மா?"

"கேமராவை மூடி வெச்சிருக்காங்கப்பா."

"தலை தெரியலைன்னா வண்டியில ஆள் இல்லைன்னு அர்த்தம்லா."

"என் தலை தெரியுதுல்ல? அதை எண்ணுங்க."

தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, வகுப்பின் நடுவில் கிளினிக்கிலிருந்து அழைப்பு. மகள் கைபேசியோடு வெளியே போய்விட்டாள். திரை பேசிக்கொண்டே இருந்தது. பக்கிரிசாமி கடிகாரத்தைப் பார்த்தார், பத்து நிமிடம். ஆளே இல்லாமல் வகுப்பு ஓடுகிறது; குற்றம் கையும் களவுமாகச் சிக்கிவிட்டது.

ஓடி வந்தவள் கேட்டாள்: "எதுவரைக்கும் சொன்னாங்கப்பா?"

நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சீனி ரத்தத்துலயே சுத்துது. இன்சுலின் கதவைத் தட்டுது, செல்லு திறக்க மாட்டேங்குது. அது வரைக்கும்."

எழுதிக்கொண்டே அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கெட்டிப்பாலைப் பத்தியும் ஏதோ சொன்னாங்க. எனக்குச் சரியா கேக்கல," என்றார், மிக நன்றாகக் கேட்ட முகத்தோடு.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் வந்த கையோடு தீர்ப்பு வந்தது. "விசாரணை இன்னும் முடியல. எதுக்கும் இன்னொரு செமஸ்டர் பாக்கணும்." அப்பா மனம் மாறுவதற்குள் மகள் அடுத்த செமஸ்டருக்குப் பதிந்துகொண்டாள்.

மறுநாள் காலை, கடையில் கமலநாதன் குவளையை எடுத்தார்.

"என்னண்ணே, அந்த இன்டர்நெட் திருட்டைப் பிடிச்சீங்களா?"

"எல்லாம் சந்தேகமாத்தான் இருக்கு."

"சரி, வழக்கம்போல கெட்டியா?"

பக்கிரிசாமி அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பால் வேணாம். சீனி வேணாம். தே ஓ கொசோங்."

"யாருக்குண்ணே?"

அந்தக் கசப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலி வேனில் ஏறினார். பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்துத் தலை எண்ணினார்.

ஒன்று.

இலவச சவாரி கிளம்பியது.