பத்மாசினி மடக்கித் தந்த கால்

பத்மாசினியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்லவேண்டியவன் நான்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு நீர்வேலியில் இருந்து சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலை கட்டிக்கொண்டு போகையில் சைக்கிளோடு விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் வெட்டிக் கம்பி போட்டார்கள். ஆறு கிழமை கழித்துப் பிளாஸ்ரரை எடுத்தபோது கால் உலக்கை மாதிரி நீட்டியபடியே நின்றது. அதை மடக்கிப் பழக்கும் பொறுப்பு அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சை செய்யும் பத்மாசினிக்கு வந்தது. அளவெட்டிப் பிள்ளை, முப்பது வயது இருக்காது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கோட்டையில் இருந்து ஆமி செல் அடித்த நாட்களிலும் சைக்கிளில் வந்து எட்டு மணிக்கு அறையைத் திறந்துவிடுவாள்.

கட்டில் விளிம்பில் என்னை இருத்தி, கணுக்காலைப் பிடித்துக் கீழே அழுத்துவாள். நான் கத்துவேன், ஏசுவேன். “உது கையோ இரும்போ?” என்றுகூடக் கேட்டிருக்கிறேன். “இன்னும் கொஞ்சம் ஐயா” என்பதோடு அவள் பேச்சு சரி. மூன்று கிழமையில் கால் பாதி மடங்கியது.

அதற்குப் பிறகுதான் என் புத்தி புல் மேயப் போனது. நோ பொறுக்காமல் ஒரு சனிக்கிழமை முறிவுப் பரியாரியிடம் போனேன். எங்கள் ஆட்களுக்கு எலும்பு முறிந்தால் அங்கே ஒருக்கால் போய்வராமல் மனம் ஆறாது. அவர் உளுத்தம்மாவும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் சிலாகை வைத்து இறுக்கிக் கட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டு பத்து நாள் அசையாமல் கிட என்றார். கிடந்தேன், நல்ல சுகமாகத்தான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்று மனைவி குணலட்சுமி ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னாள்.

பத்து நாளின் பின் கட்டை அவிழ்த்துக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கென்று பெரிய டொக்டர் வந்தார். என் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். அசையவில்லை. பத்துப் பதினைந்து நோயாளிகள் பார்த்திருக்க அவள்மேல் பாய்ந்தார்.

“இவ்வளவு நாளும் நீர் இந்த மனிசனுக்கு என்ன செய்தனீர்? இப்பிடி வேலை செய்தால் உம்மை எப்பிடி நிரந்தரமாக்கிறது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“மன்னிக்கவேணும் சேர்” என்றாள்.

அவர் போனதும் ஒன்றும் நடக்காததுபோலக் கணுக்காலைப் பிடித்தாள்.

“பிள்ளை, எனக்குக் காய்ச்சல் இல்லை. பரியாரியிட்டைப் போய்ப் பத்துப் போட்டுக் கட்டினனான்.”

“தெரியும் ஐயா. வந்த உடனை எண்ணெய் மணந்தது.”

“அப்ப ஏன் டொக்டரிட்டைச் சொல்லேல்லை?”

“சொன்னால் இனி வரவேண்டாம் எண்டு உங்களை அனுப்பிப்போடுவார். கால் இப்பிடியே நிண்டிடும்.”

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். முதலில் கால் மடங்கட்டும் என்றாள்.

மடங்கியது. இரண்டு மாதத்தில் சப்பாணி கட்டி இருந்து சோறு சாப்பிட்டேன். கடைசி நாள் போனபோது, மாத முடிவோடு அவளை வேலையில் இருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று வாசலில் நின்ற காவலாளி சொன்னார். அவள் வழக்கம்போல என் காலை ஒருமுறை மடக்கிப் பார்த்தாள். இனி வரத் தேவையில்லை ஐயா, மாடிப்படி மட்டும் கவனம் என்றாள்.

டொக்டரின் அறை அதே விறாந்தையில் நாலாவது கதவு. திறந்துதான் கிடந்தது. கால் சுகமான என்னை அவர் இனி என்ன செய்துவிடுவார்? ஏசுவார். வெளியே வாங்கில் வரிசையாகக் குந்தியிருந்த சனம் கேட்கும். அவ்வளவுதான்.

“வாறன் பிள்ளை” என்றேன். பொல்லு ஊன்றாமல், நொண்டாமல், அந்தக் கதவைத் தாண்டி நடந்துபோய் பஸ் ஏறினேன்.